இசக்கி கேட்ட குரூப்

ஞானதுரை சார் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கூடத்தில், பிளஸ் ஒன் சேர வருகிறவர்களிடம் எந்தக் குரூப் வேண்டும் என்று கேட்கிற வழக்கமே கிடையாது. மார்க்கைப் பார்ப்பார், குரூப்பை அவரே எழுதிவிடுவார்.

நானூற்று எண்பத்து மூன்று மார்க் எடுத்த இசக்கி, வரலாறு குரூப் வேண்டும் என்று போய் நின்றாள்.

"இந்த மார்க்குக்கு வரலாறா? பயாலஜி எழுதறேன், டாக்டராகு."

"காலேஜ்ல தொல்லியல் படிக்கணும் சார். அதுக்கு இதுதான் தோது."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வரலாறு படிச்சு மரியாதையா ஒரு நாற்காலியில உட்கார்ந்த ஆளைக் காட்டு. இந்த ரூமை விட்டுப் போகாம, இப்பவே காட்டு! கையெழுத்துப் போடறேன்."

"காட்டட்டுமா சார்?"

மேசைமேல், வருகிறவர்களைப் பார்த்து நின்ற பெயர்ப்பலகையை இசக்கி மெல்ல அவர் பக்கம் திருப்பினாள்.

'அ. ஞானதுரை, எம்.ஏ. வரலாறு, தலைமையாசிரியர்.'

பதினோரு வருஷமாக அவருக்கு முதுகை மட்டுமே காட்டிய பலகை. அதை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"எங்கப்பாவும் என்னை இப்படித்தான் திட்டினார்" என்றார், பலகையிடம். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இசக்கி வெளியே வந்தாள். அடுத்த பிள்ளை உள்ளே போனாள். பலகையை அவர் திருப்பி வைக்கவில்லை.

"உனக்கு எந்தக் குரூப்மா வேணும்?" என்று அவர் கேட்பது வாசல்வரை கேட்டது.