சோடாப் பீப்பா

"டீச்சர், இது இன்னும் மணக்குது" என்றார் பத்மசீலன்.

இரண்டு கையாலும் தூக்கிவந்த எஃகுப் பீப்பாவைச் சுகிர்தாவின் கராஜில் தொம்மென்று வைத்தார்.

மெல்பனில் வீட்டுக்குப் பியர் காய்ச்சத் தடையில்லை. அந்தப் பக்கத்துத் தமிழர் நாலைந்து பேருக்கு அதைப் பழக்கிவிட்டவர் சுகிர்தா. பத்மசீலனைவிட நன்றாக இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

பீப்பா பழையது. ஒரு காலத்தில் ஏதோ சாப்பாட்டுக் கடைக்குச் சோடா நிரப்பிக் கொடுத்தது. கழித்துவிட்ட சாமான்களோடு கிடந்ததைப் பத்மசீலன் பேரம் பேசி வாங்கியிருந்தார்.

"என்ன மணம்?"

"ஆரஞ்சு சோடா. பியரைக் குடிச்சால், ஆரோ சோடா குடிச்சிட்டு முகத்துக்கு நேரை ஏவறை விட்ட மாதிரி."

"கழுவினீங்களோ?"

"கழுவினனோ எண்டு கேக்கிறியள்! கொதிதண்ணி ஊத்தினன். பழப்புளி போட்டுத் தேய்ச்சன். தேசிக்காய் பிழிஞ்சன். கடைசியிலை சாம்பிராணி பிடிச்சன்."

"சாம்பிராணியோ?"

"ஓம். பிறகு கோயிலுக்குள்ளை இருந்து சோடா குடிக்கிற மாதிரி இருந்தது."

சுகிர்தா நெற்றியைத் தடவினார்.

"ஞாயிற்றுக்கிழமை கேதீஸ் வாறார், டீச்சர்."

கேதீஸ், பத்மசீலனின் மனைவி மாலினிக்கு அண்ணன். பத்மசீலன் காய்ச்சிய முதல் பியரில் ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை முற்றத்தில் நட்டிருந்த ரோசாக்கண்டுக்கு ஊற்றியவர். "கண்டு பிழைச்சா நானும் குடிக்கிறன்" என்று வீடு நிறைந்த சனத்துக்குக் கேட்கச் சொன்னவர்.

கண்டு பிழைக்கவில்லை.

"அது குளிருக்குப் பட்டது, டீச்சர்."

"ஓம்."

"அந்த வருஷம் சரியான குளிர்."

"முந்தியும் சொன்னனீங்கள்."

"இந்த முறை அந்த மனிசன் ஒரு கிளாஸ் அடிவரைக்கும் குடிக்கவேணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். இல்லாட்டி இந்தப் பீப்பா, வாளி எல்லாத்தையும் தூக்கி றோட்டிலை வைக்கிறன் எண்டு மாலினி சொல்லிப்போட்டா. வாளிக்குள்ளை ஒரு பியர் ஆயத்தமாக் கிடக்குது. அதை இதுக்குள்ளை எப்பிடி விடுறது?"

"கழட்டுங்கோ" என்றார் சுகிர்தா.

பத்மசீலன் கழற்றினார். மூடியைச் சுற்றி ஒரு பெரிய றப்பர் வளையம். காஸ் போகிற வாயிலும் பியர் வருகிற வாயிலும் சின்ன வளையங்கள். எல்லாம் கறுப்பாக, மினுமினுப்பாக இருந்தன.

சுகிர்தா பெரிய வளையத்தை விரலில் மாட்டிப் பார்த்தார்.

"இது பழசெல்லோ?"

"ஓம்."

"புது றப்பர் ஒரு பை தந்தனான்."

"பத்திரமா வச்சிருக்கிறன்."

"எங்கை?"

"ஷோகேசுக்குள்ளை."

சுகிர்தா பழைய வளையத்தை விரலில் சுழற்றினார்.

"இதுக்கு என்ன குறை, டீச்சர்? வெடிப்பில்லை. காத்தும் போகேல்லை. நல்ல சாமானை ஆர் எறியிறது? இது பழுதாப் போனால் புதுசைப் போடுவம்."

சுகிர்தா ஒரு கிளாஸில் பச்சைத்தண்ணீர் எடுத்துவந்தார். அந்த வளையத்தை அதற்குள் மடித்துப் போட்டார். சாசரால் மூடினார்.

"தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

தேத்தண்ணி குடித்தார்கள். பத்மசீலன் ரோசாக்கண்டின் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். யார் யார் சிரித்தார்கள் என்று சொன்னார். எந்தக் கதிரையில் இருந்து சிரித்தார்கள் என்றும் சொன்னார். தேத்தண்ணி முடிந்தது. கதை முடியவில்லை. சுகிர்தா வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை ஒருவழியாக முடிந்ததும் கிளாஸை அவர் முன்னால் நகர்த்தினார்.

"குடியுங்கோ."

"வெறும் தண்ணிதானே?"

"குடியுங்கோ."

பத்மசீலன் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"ஆரஞ்சு சோடா!"

கிளாஸைத் தூக்கி, அடியில் கிடந்த வளையத்தைப் பார்த்தார்.

"அந்தக் கடை பூட்டிக் கனகாலம், டீச்சர். இந்த றப்பர் இன்னும் குடிச்சு வச்சிருக்குது!"

"ஷோகேசைத் திறவுங்கோ" என்றார் சுகிர்தா.

பத்மசீலன் பீப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பழைய வளையம் கிளாஸுக்குள்ளேயே கிடந்தது. சுகிர்தா அதைத் துடைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கேதீஸ் வந்தார். சுகிர்தாவையும் கூப்பிட்டிருந்தார்கள். முற்றத்தில் மேசை போட்டு, கணவாய்ப் பொரியல் வைத்திருந்தார் மாலினி. பட்டுப்போன கண்டு நின்ற இடத்தில் புதிதாக ஒரு ரோசாக்கண்டு துளிர்த்திருந்தது.

பத்மசீலன் பீப்பாவிலிருந்து கேதீஸுக்கும் தனக்கும் பியர் பிடித்தார். நுரை பொங்கி விளிம்பில் நின்றது.

கேதீஸ் முதலில் மணந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய்.

கணவாய்த் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மறுபடி குடித்தார். கிளாஸ் பாதிக்கு வந்தது.

பத்மசீலனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்ன மச்சான், பேச்சைக் காணேல்லை? அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை என்ன சொன்னனீங்கள்? ஞாபகமிருக்கோ?"

கேதீஸின் கை நின்றது.

"ரோசாக்கண்டுக்கு ஊத்தினீங்களே! அது குளிருக்குப் பட்டது. அந்த வருஷம்—"

கேதீஸ் கிளாஸை மேசையில் வைத்துவிட்டார். மாலினி தலையில் கை வைத்தார்.

சுகிர்தா கைப்பையைத் திறந்தார். அந்தப் பழைய கறுப்பு வளையத்தை எடுத்தார். எட்டி, பத்மசீலனின் கிளாஸுக்குள் போட்டார்.

"ஐயோ டீச்சர்! நல்ல பியர்!"

"ஓம், நல்ல பியர்தான்" என்றார் சுகிர்தா.

வளையம் அடியில் போய்ப் படுத்தது. அதைச் சுற்றிக் குமிழ்கள் ஏறின. பத்மசீலன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்தார். கிளாஸை எடுத்துக்கொண்டு முற்றத்து மூலைக்குப் போனார். புதிய ரோசாக்கண்டின் அடியில் முழுவதையும் ஊற்றினார்.

"ஐயோ, கண்டு!" என்றார் மாலினி.

"கண்டு பிழைச்சா நானும் குடிக்கிறன்" என்றார் பத்மசீலன்.

கேதீஸ் மேசையிலிருந்த கிளாஸை எடுத்து அடிவரைக்கும் குடித்தார்.