ஆமை வாத்தியார் யாருக்குச் சொந்தம்

இந்தக் கதையில் சிஷ்யர்தான் மூத்தவர். பெயர் வீரபாகு. ஆற்றங்கரை ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆணியும் தாழ்ப்பாளும் விற்ற நேரம் போக, குழந்தைகளுக்கு மாயாஜாலக் கதை எழுதுவார். ஊருக்கே அவர் அண்ணாச்சி.

குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. ஜொகரா என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமைகளில் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்பவர். பல வருஷங்களுக்கு முன்பு, எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று வீரபாகு அவர் முன்னால் போய் நின்றார்.

"கத்துக்குடுக்க என்ன இருக்கு அண்ணாச்சி? பிள்ளைகளோட உக்காந்து கேளுங்க" என்றார் ஜொகரா.

அண்ணாச்சியும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டார். பொடிசுகளுக்கு நடுவில் அந்தத் தொந்தியும் நரைமீசையும் கொஞ்ச நாள் வேடிக்கையாக இருந்தன, பிறகு பழகிவிட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பையும் கையுமாக வந்தார். பாயில் உட்காரவில்லை.

"டீச்சர், இன்னைக்கு ரயில்ல நான் மெட்ராஸ் போறேன். நீங்களும் வரணும்."

"என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. களவு போயிருக்கு."

"கடையிலயா?"

"கடையில போனா போலீஸுக்குப் போயிருவேன்லா. என் கதை களவு போயிருக்கு."

விஷயம் இதுதான். அண்ணாச்சி எழுதி அச்சான ஒரே புத்தகம் 'ஆற்றடிப் பள்ளிக்கூடம்'. ஆற்றுக்கு அடியில் ஒரு மந்திரப் பள்ளிக்கூடம், அதில் ஓர் ஆமை வாத்தியார், அங்கே படிக்கப் போகும் பேச்சி என்ற சிறுமி. வந்த புதிதில் பிள்ளைகள் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தார்கள். நூலகத்துப் பிரதி கிழிந்தே போனது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். மிச்சப் பிரதிகள் கடையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் தூசி தின்கின்றன.

இப்போது மெட்ராஸில் ஷோபிகா என்ற பெண் 'தெப்பக்குளத்துப் பள்ளி' என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாள். அவளுக்கு அதுதான் முதல் புத்தகம். ஆறு குளமாகியிருக்கிறது, ஆமை ஆமையாகவே இருக்கிறது. ஊரெல்லாம் அதே பேச்சு. மறுநாள் அதற்கு ஒரு பெரிய பரிசு கொடுக்கப் போகிறார்கள்.

"புத்தகத் திருவிழாவுல என் கையால கையெழுத்துப் போட்டு அந்தப் பிள்ளைக்கு என் புக்கைக் குடுத்தேன் டீச்சர். நல்லா ஞாபகம் இருக்கு. பரிசு வாங்க மேடையில ஏறட்டும், நானும் ஏறுதேன். எல்லார் முன்னாலயும் கேக்கேன். நான் முதல்ல எழுதுனதுக்கு நீங்கதான் சாட்சி."

செய்தியைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவரால் ஒரு வரி எழுத முடியவில்லை. எழுதி என்னத்துக்கு, எவனாவது கொண்டுபோவான் என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். உண்மையில் அந்த மனுஷருக்கு உள்ளே அவ்வளவு வலி.

"சரி, வாரேன்" என்றார் ஜொகரா. "ஆனா பிள்ளைக காத்துக்கிட்டிருக்கு. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. இன்னைக்கு நீங்க சொல்லுங்க."

"நானா? என்னத்தைச் சொல்ல?"

"களவு போனதைத்தான்."

அண்ணாச்சி பையை ஓரமாக வைத்தார்.

அந்தப் பாயில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளே கொண்டுவந்தது. கதையில் ஏற்கெனவே கேட்ட சங்கதி ஏதாவது வந்தால் கையைத் தூக்கி, "கேட்டாச்சு!" என்று கத்துவார்கள். சொல்கிறவர் கோபப்படக் கூடாது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் கேட்காத ஒன்றைச் சொல்லி மேலே போக வேண்டும். முடியாவிட்டால் எழுந்துவிட வேண்டும். ஈவிரக்கமே கிடையாது. ஜொகராவே இரண்டொரு முறை எழுந்திருக்கிறார்.

"ஒரு ஊர்ல பேச்சின்னு ஒரு பிள்ளை. அவளுக்கு அப்பா அம்மா ரெண்டு பேருமே..."

"செத்துப்போயிட்டாங்க. கேட்டாச்சு!"

"இல்லலே, இருக்காங்க" என்றார் அண்ணாச்சி அவசரமாக. அவர் புத்தகத்தில் செத்துத்தான் போயிருந்தார்கள். "இருக்காங்க. ஆனா அவளுக்கு ஒரு ரகசியம் இருந்துச்சு. அவ மந்திரப் பள்ளிக்கூடத்துல படிச்சா."

"கேட்டாச்சு! வெள்ளைக்காரங்க படத்துல வரும்."

"அது எல்லாரும் எழுதுறதுதானே" என்று அண்ணாச்சி பெரிய மனது பண்ணிக் கையை வீசினார். "மந்திரப் பள்ளிக்கூடம் ஆயிரம் இருக்கும். இது தண்ணிக்குள்ள இருக்கிற பள்ளிக்கூடம்."

"கேட்டாச்சு!"

இப்படிச் சொன்னவள் பஸீரா. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள், நூலகத்தில் அவள் படிக்காத புத்தகம் கிடையாது.

"எதுல கேட்ட?"

"தெப்பக்குளத்துப் பள்ளியில. அண்ணாச்சி, நீங்க அதைப் பாத்துத்தானே சொல்லுதீங்க?"

அண்ணாச்சியின் முகம் சுண்டிப் போயிற்று. திருடு கொடுத்தவரையே திருடர் என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவர் ஜொகராவைப் பார்த்தார். ஜொகரா ஒரு பிள்ளைக்கு அவிழ்ந்துபோன ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கோபப்படக் கூடாது என்பது விதி. அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அங்க பாடம் நடத்துறது ஒரு ஆமை" என்றார்.

"கேட்டாச்சு!" என்றான் பின்வரிசையிலிருந்து செல்லத்துரை. "அது டீச்சர் கதை. எங்க அக்கா சின்னப் பிள்ளையில இங்க வந்து கேட்டிருக்கா. வீட்டுல அடிக்கடி சொல்லுவா. கண்ணாடி போட்ட ஆமை, மெதுவாத்தான் பாடம் நடத்தும். ஒரு பாடம் முடியறதுக்குள்ள பிள்ளைகளுக்குக் கல்யாணமாயிரும்."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. கண்ணாடி போட்ட ஆமை. மெதுவாகப் பாடம் நடத்தும் ஆமை. இதே பாயில், இதே இடத்தில் உட்கார்ந்து கேட்ட கதை. அவருக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. தன் தலையில் தானாக முளைத்த ஆமை என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தார்.

ஜொகரா ரிப்பனை முடிச்சுப் போட்டு முடித்தார்.

"எந்திரிக்கீங்களா அண்ணாச்சி?" என்றாள் பஸீரா.

எழுந்திருக்கத்தான் பார்த்தார். ஆனால் பேச்சியை அப்படியே நடுத்தண்ணீரில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

"பாடம் முடிஞ்சு பேச்சி மேல வந்தா" என்றார் மெதுவாக. "உடுப்பெல்லாம் நனைஞ்சு சொட்டுது. அப்படியே வீட்டுக்குப் போனா அம்மா தொலியை உரிச்சிருவா. என்ன செய்வா? தெருமுனையில ஒரு இஸ்திரி வண்டி நிக்கும். அதுக்குப் பின்னால போயி நின்னுக்கிடுவா, அந்தச் சூட்டுக்கு. இஸ்திரிக்காரர் ஒண்ணும் கேக்க மாட்டார். பாவாடை நுனியை இழுத்துப் பலகையில போட்டுத் தேச்சு விடுவார். புஸ்ஸுன்னு ஆவி பறக்கும். தினமும் இப்படித்தான். ஒருநாள் அவர் பெட்டியைத் தூக்கி வெச்சிட்டு, இவளைப் பாக்காமலே, 'ஏட்டி, கீழ இன்னைக்கு என்ன பாடம்?'னு கேட்டாரு."

யாரும் கை தூக்கவில்லை.

"அவருக்கு எப்படித் தெரியும்?" என்றான் செல்லத்துரை. அவன் எப்போது முன்வரிசைக்கு வந்தான் என்று தெரியவில்லை.

"அது அடுத்த வாரம்" என்று அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

பிள்ளைகள் கலைந்ததும் அவர் ஜொகராவிடம் வந்தார்.

"பாத்தீங்களா டீச்சர்? என் கதையை நான் சொன்னா, அவளைப் பாத்துச் சொல்லுதேன்னு சொல்லுதுக. இதுக்குத்தான் மெட்ராஸ் போகணுங்கேன்."

"அவ புக்கைப் படிச்சீங்களா?"

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"படிக்கலையா?"

"பேப்பர்ல போட்டிருந்தான். அட்டையில ஆமை இருக்கு. அதுக்கு மேல என்ன படிக்க?"

ஜொகரா அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"நான் படிக்க மாட்டேன் டீச்சர். வயிறு எரியும்."

"எரியட்டும். எதெது களவு போச்சுன்னு மேடையில கேட்டா சொல்லணும்லா?"

அது நியாயமாகப் பட்டது. அண்ணாச்சி ஜன்னலோரம் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். லைப்ரரி புத்தகத்தில் கோடு போடக் கூடாது என்று ஜொகரா அதை வாங்கி வைத்துக்கொண்டார். சரி, விரலை மடக்கி எண்ணுவோம் என்று ஆரம்பித்தார்.

தண்ணீருக்கடியில் வாசல், ஒரு விரல். மணிக்குப் பதிலாகச் சங்கு, இன்னொரு விரல். ஆமை வாத்தியார், அவருடைய மூக்குக் கண்ணாடி. பக்கத்துக்குப் பக்கம் அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. இடது கை முழுக்க மடங்கிவிட்டது.

பிறகு அந்தக் கதையில் கோடை வந்தது. தெப்பக்குளம் வற்ற ஆரம்பித்தது.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கதையில் ஆறு வற்றவே இல்லை. வற்றினால் என்ன ஆகும் என்று அவர் யோசித்ததுகூட இல்லை.

குளம் வற்ற வற்றப் பள்ளிக்கூடத்தின் கூரை வெளியே வந்தது. ஊர்ப் பையன்கள் அதன் சுவரில் கரிக்கட்டியால் மூன்று கோடு போட்டு ஸ்டம்ப் ஆக்கிக் கிரிக்கெட் ஆடினார்கள். தண்ணீர்ப் பிள்ளைகள் சேற்றுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்துகிடந்தார்கள். ஆமை வாத்தியார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கல்லாகக் கிடந்தார். ஃபீல்டிங் நின்ற ஒரு பையன் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து காலில் குத்திய முள்ளை எடுத்தான். அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உட்கார்ந்திருந்த கல் மூச்சு விடுவது அந்தப் பையனுக்குத் தெரிந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு செம்புத் தண்ணீரை அந்தக் கல்லின் மேல் ஊற்றிவிட்டுப் போனான்.

அண்ணாச்சி புத்தகத்தை மூடிக் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தார். மடங்கியிருந்த விரல்கள் எப்போதோ விரிந்துவிட்டன.

அவர் படித்து முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஜொகரா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எடுத்திருக்கா டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

"எடுத்திருக்கா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? உங்ககிட்டேயிருந்துதான் எடுத்தேன் அண்ணாச்சின்னு?"

"சொல்லியிருக்கலாம்."

ஜொகரா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அண்ணாச்சியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து பாயின் மறுமுனையைப் பிடித்துச் சுருட்டினார்.

"டீச்சர், அந்த ஆமை..."

"பாயை இறுக்கமாச் சுத்துங்க அண்ணாச்சி. அவுந்துரும்."

இரண்டாவது பாயும் சுருட்டியாயிற்று. அண்ணாச்சிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆனா அந்தக் குளம் வத்துற இடம் இருக்கே, எனக்குத் தோணலையே டீச்சர். அவ எழுதியிருக்கா பாருங்க, பாவி மக. படிச்சதுலயிருந்து எனக்கு மண்டைக்குள்ள ஒண்ணு ஓடிக்கிட்டேயிருக்கு. குளம் வத்துனா நிஜ ஆமைக என்ன செய்யும்? சும்மா கிடக்குமா? தண்ணி தேடிப் புறப்பட்டுரும். ஊருக்குள்ளதான் நடந்து போகணும். போற வழியில கடைக்காரன் ஒருத்தன், என்னை மாதிரி ஒருத்தன்னு வைங்களேன், காலையில ஷட்டரைத் தூக்குதான். கடைக்குள்ள வரிசையா ஆமைக. ஒவ்வொண்ணும் ஆணி டப்பாவுக்குப் பக்கத்துல, பூட்டுக்குப் பக்கத்துல, விலைச் சீட்டு ஒட்டாத சாமான் மாதிரி உக்காந்திருக்கு. முதல் கிராக்கி வந்து நிக்கான். இவன் அதுகளை எப்படி மறைப்பான்? அடுத்த குளம் ஊருக்கு அந்தப் பக்கம். எப்படிக் கொண்டுபோயிச் சேப்பான்?"

அவர் கை நீட்டி நீட்டிச் சொன்னார். மூடி வைத்த பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தடவினார். கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அப்படியே கடைக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஜொகரா முழுக்கக் கேட்டார். பிறகு ஜன்னலைச் சாத்தி, அவருடைய பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கிளம்புங்க அண்ணாச்சி, ரயிலுக்கு நேரமாச்சு. நானும் வாரேன்."

"நீங்க எதுக்கு டீச்சர் இப்ப?"

"சாட்சி சொல்லத்தானே கூப்பிட்டீங்க? உங்ககிட்டேயிருந்து அவ எடுத்தது எனக்குத் தெரியும். அவகிட்டேயிருந்து நீங்க எடுத்ததை இப்பத்தான் கண்ணால பாத்தேன். மேடையில ரெண்டையும் சொல்லிருதேன்."