முள்ளுப் பட்டையும் ஒரு மொட்டை ஊசியும்

கன்னியர் மடத்தில் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த குளோரி டீச்சர், இப்போது தூத்துக்குடிப் படகுக் கொட்டகையில் சுற்றுலாப் படகுகளுக்கு மெத்தை தைக்கிறாள். அவளிடம் தொழில் பழக வந்தவன் ரேமண்ட். வயதில் அவளைவிட ஆறு வருஷம் மூத்தவன். கடலோடி. மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்தபின் அவனுக்குக் கடலும் ஆகவில்லை, வீடும் ஆகவில்லை.

அன்று கரையேற்றியிருந்த படகில் ஒரு மெத்தையும் வைத்த இடத்தில் நிற்கவில்லை. சுவர்த் தட்டிகளும் தொட்டால் விழுந்தன. எல்லாம் வெல்க்ரோ பட்டை போட்டு ஒட்டியவை. பலகையில் முள்ளுப் பக்கம், மெத்தையில் பஞ்சுப் பக்கம்.

“பிடிப்பு செத்துப்போச்சு டீச்சர். அறுத்து எறிஞ்சிட்டுப் புதுசு வச்சிருவோம்.”

“கத்தியைக் கீழ வைங்கண்ணே. சீலா மீன் வெட்டப்போற மாதிரி நிக்கீங்க.”

அவன் சிரிக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான்.

“சாயங்காலம் மதினி திருச்சிக்குக் கெளம்புதாங்க, டீச்சர்.”

மனைவியின் அக்கா. எட்டு மாதமாக அவன் வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள்.

“பிள்ளையை?”

“கொண்டுபோய் வளக்கேங்காங்க. நான் சரின்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம்.”

“சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல. சொல்லிர வேண்டியதுதான். பிள்ளையைத் தூக்குதேன், டீச்சர். ஒண்ணுமே தோணல. யாரோ பிடிச்சுக்கோன்னு குடுத்த பொதி மாதிரி இருக்கு. அதுக்கும் தெரியுது போல, வீல்னு அழுவுது. எனக்குள்ள பாசம் செத்துப்போச்சு.”

குளோரி டீச்சர் தையல் பெட்டியைத் துழாவி ஒரு மொட்டை ஊசியை எடுத்துக் கொடுத்தாள்.

“அந்தச் சாய்மானப் பலகையில ஒரே ஒரு பட்டையை மட்டும் சுத்தம் பண்ணுங்க.”

வலைக் கிழிசலைப் பொத்திப் பழகிய விரல்கள். குனிந்து கிளற ஆரம்பித்தான். மணல் உதிர்ந்தது. துவாலைப் பிசிறு வந்தது. ஏதோ சேலையின் சரிகை இழை, குழந்தைத் தொப்பியின் மஞ்சள் கம்பளி நூல். பிறகு முழ நீளத்துக்கு ஒரு முடி. எந்த ஊர்க்காரியுடையதோ. வீட்டில் மனைவியின் தலையணையில் அவன் இன்னும் தட்டாமல் விட்டுவைத்திருப்பதைப் போல ஒன்று. அதை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி கிளறினான்.

டீச்சர் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டை முடிய மூன்று மணியாகிவிட்டது. அவன் இடது உள்ளங்கையில் குருவிக்கூடு போல ஒரு குப்பை உருண்டை.

அவள் மெத்தையைக் கொண்டுவந்து வைத்து, கையால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

“இழுங்க.”

ஒரு கையால் இழுத்தான். வரவில்லை. பலகையில் காலை முட்டுக் கொடுத்து இழுத்தான். சர்ரென்று பாதிதான் பிரிந்தது.

“அப்போ பிடிப்பு போகலையா?”

“அது எங்க போச்சு? வந்ததையெல்லாம் இத்தனை நாளும் விடாமப் பிடிச்சுக்கிட்டுல்லா இருந்திருக்கு.”

ரேமண்டின் சட்டைப்பையில் போன் அடித்தது. மதினி. அவன் அதை நாலு தடவை அடிக்கவிட்டு எடுத்தான்.

“மதினி… இல்ல. இன்னைக்குப் பிள்ளையை அனுப்பல. எப்படி வளப்பேன்னு எனக்கும் தெரியல. தெரியலன்னுதான் சொல்லுதேன். நீங்க ரெண்டு நாள் கழிச்சுப் போங்க மதினி. நான் இப்ப வாறேன்.”

போனை வைத்தான். எழுந்து வாசல்வரை போனவன் நின்றான். இடது கை இன்னும் மூடியே இருந்தது. திறந்து பார்த்தான். உருண்டையின் மேல் அந்த முடி.

“டீச்சர், இதை எறிஞ்சிரணுமா?”

“நான் எறியவா சொன்னேன்? பையில வச்சுக்கோங்கண்ணே. முள்ளுல இருக்கவேண்டாம், அவ்வளவுதான்.”