கதவிடுக்கில் ஒரு தேங்காய்

மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் தினமும் இருநூறு பேருக்கு விறகடுப்பில் சமையல். சமைப்பவர் அஞ்சலை. புகையிலேயே நின்று நின்று, இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது இருமலாக வரும்.

புகையை வெளியேற்றும் வேலையை ஏகாம்பரம் கேட்டு வாங்கிக்கொண்டார். பாய்லர் கம்பெனியில் முப்பது வருடம் இருந்தவர். வயது அறுபத்தெட்டு. ஆசிரமத்தின் குரு வடிவம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

மனைவி இறந்த மூன்றாம் மாதம், துக்கத்தைத் துரத்தியே தீருவது என்று இங்கே வந்தவர் ஏகாம்பரம். ஞாயிறுதோறும் மகள் போன் செய்வாள். "நான் இல்லேன்னு சொல்லிடுங்க" என்பார். மகளுக்கு அப்படியே அவள் அம்மாவின் குரல். பாவம், மனிதர் அந்தக் குரலுக்குப் பயந்தார்.

ஒருநாள் குருவிடம் கேட்டார்:

"ஒரு வருஷமா எல்லாத்தையும் விலக்கிட்டு உட்கார்ந்து பாக்குறேம்மா. துக்கம் போகலையே, ஏன்?"

"முதல்ல அஞ்சலைக்குப் புகை போகட்டும்" என்றார் வடிவம்மை.

ஏகாம்பரம் வேலையில் குறை வைக்கவில்லை. அடுப்புக்கு மேலே, அதைவிட நாலு பக்கமும் அரையடி கூடுதலாக, எவர்சில்வர் தகட்டில் புகைக்கூண்டு. அதிலிருந்து கூரைக்கு மேலே ஏறும் குழாய். குழாயின் வாயில் மோட்டார் வைத்த ஃபேன். எல்லாம் முடிந்தபின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்து மூடினார்.

"ஐயா, அந்தத் தெக்கு ஜன்னலை மட்டும் விட்டுடுங்களேன்" என்றார் அஞ்சலை.

"வெளிக்காத்து உள்ள வந்தா ஃபேன் அதையே இழுத்துக்கிட்டிருக்கும்மா. புகையை யார் இழுப்பா?"

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அஞ்சலை இருமிக்கொண்டே போய்விட்டார்.

ஞாயிறு காலை கதவைச் சாத்திவிட்டு அடுப்பை மூட்டி மோட்டாரைப் போட்டார்கள். சத்தம் ஊரைக் கூட்டியது. புகையோ கூண்டுவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் பெரிய மோட்டார் வேணும்" என்றார் ஏகாம்பரம், கண்ணைக் கசக்கிக்கொண்டு. துக்கம் போகாதபோதும் அவர் இப்படித்தான், தியானத்தில் இரண்டு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்வார்.

இருமல் கேட்டு வடிவம்மை வந்தார். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. இழுத்தார், அசையவில்லை. தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. ஃபேன்தான் கதவை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது. காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்ததும் திறந்தது. வெளிக்காற்று குபுகுபுவென்று நுழைந்தது. புகை எழுந்து கூண்டுக்குள் போனது.

அவர் உள்ளே வந்து கதவிலிருந்து கையை எடுத்தார். கதவு அறைந்து மூடியது. புகை மறுபடியும் இறங்கியது.

"அஞ்சலை, ஒரு தேங்காய் குடுங்க."

உரிக்காத தேங்காய் ஒன்று வந்தது. கதவைத் தள்ளித் திறந்து, மூடாதபடி அதை இடுக்கில் வைத்தார். புகை மொத்தமாக மேலேறிப் போனது.

அஞ்சலை ஒருமுறை இருமினார். அடுத்த இருமலுக்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அஞ்சலைக்குச் சிரிப்பு வந்தது.

"தெக்கு ஜன்னல் பலகையை இன்னைக்கே பிடுங்கிடுறேம்மா" என்றார் ஏகாம்பரம், அஞ்சலையின் முகத்தைப் பார்க்காமல்.

அலுவலகத்துப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, உங்க மக லைன்ல இருக்காங்க. எப்பவும்போல இல்லேன்னு சொல்லிடவா?"

ஏகாம்பரம் பதில் சொல்ல வாயெடுத்தார். தேங்காய் கண்ணில் பட்டது.

"அவ குரலைக் கேட்டா உடைஞ்சுடுவேம்மா" என்றார் குருவிடம். "இத்தனை நாள் உள்ள விடாம வச்சிருந்ததெல்லாம் வந்துடுமே."

வடிவம்மை குனிந்து தேங்காயை இன்னும் ஒரு முழம் தள்ளி வைத்தார். கதவு அகலத் திறந்தது.

"வரட்டும். வெளிய போற வழியை நீங்க நல்லாத்தானே கட்டியிருக்கீங்க?"