கஸ்தூரி வீட்டு மஞ்சளும் கொட்டையில்லாத பூந்தியும்

முள்ளிக்குடியில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற அண்ணன் தம்பிகள் நாலு பேர் இருந்தார்கள். நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பின்னால் சொல்ல இடம் கிடைக்காமல் போகலாம்.

மூத்தவர் இருளாண்டி. அடுத்தவர் வழிவிட்டான், ஐந்தாம் வகுப்பு வரை போனவர் என்பதால் எழுத்து சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. மூன்றாமவர் உடையப்பன். கடைசி, பூமிராசு, வயது முப்பத்தொன்று. வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி மூட்டம் வைத்துக் கரியாக்கி விற்பார்கள். கரியிலேயே கிடப்பதால் நாலு பேரும் ஒரே நிறம்.

யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். ஒருமுறை கோயில் வாசலில் 'செருப்பை இங்கே விடவும்' என்று எழுதியிருந்தது. நாலு பேருக்கும் செருப்பு கிடையாது. திரும்ப நடந்து சந்தைக்குப் போய் நாலு ஜோடி வாங்கிவந்து, அங்கே விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். வரும்போது எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதவில்லை. அதனால் எடுக்கவில்லை.

கல்யாண விஷயத்திலும் இதே கதைதான். 'பொண்ணு உங்க வீடு தேடி வரும்' என்று ஜோசியர் ஒருவர் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து இவர்கள் தேடிப் போகவே இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பெரியவர்கள் மூவருக்கும் வயது போனதுதான் மிச்சம். பூமிராசுவுக்கு மட்டும் பலித்துவிட்டது.

வந்தவள் பெயர் பஞ்சவர்ணம். பக்கத்து ஊர்க்காரி. அஞ்சாறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டிலேயே மூலிகைச் சோப்பு செய்து விற்கிறவள். மாதம் ஒருமுறை இவர்களிடம் கரித்தூள் வாங்க வருவாள். முதல் தடவை வந்தபோது 'மாவு மாதிரி சலிச்சுக் குடுங்க' என்று சொன்னாள். பூமிராசு இடியாப்ப மாவு சலிக்கிற வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி மூன்று தரம் துணியில் சலித்துக் கொடுத்தான். அவ்வளவு நைசான கரித்தூளை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. ரெண்டு வருஷமாக அதையே யோசித்துக்கொண்டிருந்தவள், ஒரு வெள்ளிக்கிழமை அத்தை ராக்காயியைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை பார்க்க வந்துவிட்டாள்.

நாலு பேரும் மூட்டத்திலிருந்து நேரே வந்து வரிசையாக நின்றார்கள். அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பல் மட்டும் தெரிந்தது. இதில் மாப்பிள்ளை யார் என்று கேட்டாள். பூமிராசு கையைத் தூக்கினான். இவன் வெள்ளையா மாநிறமா, முகத்தில் தழும்பு கிழும்பு உண்டா என்று எதுவுமே தெரியவில்லையே, கரியை நம்பியா பெண்ணைக் கொடுப்பது என்று அத்தை முனகினாள்.

பஞ்சவர்ணம் நேராகப் பூமிராசுவிடமே பேசினாள்.

"கரி வேலை எனக்குக் குறைச்சலா தெரியலைங்க. ஆனா அத்தை சொல்றதும் நியாயம். ரெண்டு வாரம் கழிச்சு வர்றோம். கரி போன முகத்தை அவங்களுக்கு ஒரு தடவை காட்டிருங்க. அவங்க சரின்னுட்டா எனக்கும் சரி."

காட்டமான சோப்பைப் போட்டுத் தோலை உரித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி, தேங்காயெண்ணெயில் காய்ச்சிப் பதப்படுத்திய வெள்ளைச் சோப்புக்கட்டி ஒரு கிலோ கொடுத்தாள். அதைச் சீவி உருக்கி, சரக்குகளைக் கலந்து புதுச் சோப்பாகச் செய்ய வேண்டும். எப்படி என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். அந்த வெள்ளைக் கட்டியை அப்படியே தேய்த்துக் குளித்திருந்தாலே கரி போயிருக்கும். ஆனால் தாளில் அப்படி எழுதியிருக்கவில்லையே.

மறுநாள் காலை வழிவிட்டான் தாளை விரித்தார். முதல் சரக்கு: குப்பைமேனி, இரண்டு கைப்பிடி.

"குப்பை தெரியும், மேனி தெரியும்," என்றார் இருளாண்டி. "குப்பையில மேனி படணும். அவ்வளவுதான்."

"ரெண்டு கைப்பிடின்னா?" என்று கேட்டான் உடையப்பன்.

"ஆளுக்கு ரெண்டு கையையும் பிடிச்சு இறக்கணும்."

ஊர்க் குப்பைமேட்டுக்குப் போனார்கள். அங்கே படுக்க இடமில்லாமல் ஏதோ ஒரு செடி மண்டிக் கிடந்தது. மேனி குப்பையில் படவிடாமல் தடுக்கிறதே என்று அந்தச் செடியை வேரோடு பிடுங்கி ஓரமாக எறிந்தார்கள். அதுதான் குப்பைமேனி. இடம் சுத்தமானதும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறக்கிவிட்டு, மத்தியானம் வரை படுத்திருந்து எழுந்து வந்தார்கள்.

அடுத்தது கஸ்தூரி மஞ்சள். இதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ரேஷன் கடையில் எடை போடுகிற கஸ்தூரியின் வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். என் வீட்டு மஞ்சள் எதற்கு என்று அவள் விசாரித்தாள். சோப்புச் செய்கிற பெண் உங்கள் பெயரைப் போட்டுத்தான் எழுதியிருக்கிறாள் என்று வழிவிட்டான் தாளைக் காட்டினார். தன் மஞ்சளின் பெருமை பக்கத்து ஊர் வரை போயிருக்கிறதா என்று கஸ்தூரிக்குக் கண் கலங்கிவிட்டது. குழம்புக்கு வைத்திருந்த மஞ்சள்தூளை டப்பாவோடு கொடுத்தனுப்பினாள்.

மூன்றாவது, நுரை வருவதற்காகச் சேர்க்கிற பூந்திக்கொட்டை. அதற்குத்தான் டவுன் வரை அலைய வேண்டியிருந்தது. மிட்டாய்க் கடையில் ரெண்டு கிலோ பூந்தி வாங்கி, கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பூந்தியாகப் பிட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் ஆயிற்று. கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும், பூந்தியில் கொட்டை கிடையாது என்று சொன்னார்.

இருளாண்டி தம்பிகளைத் தனியாகக் கூப்பிட்டார். "கேட்டீங்களா? இப்பல்லாம் திராட்சையே கொட்டையில்லாமத்தான் வருது. இதுவும் அந்த மாதிரி ஒட்டு ரகம்."

திரும்பி வந்து, நாட்டுப் பூந்தி இருக்கிறதா என்று கேட்டார்கள். கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டார். நல்லவேளையாக, பிட்டுப் போட்டதில் ஏழு ஏலக்காய் விதை அகப்பட்டிருந்தது. நாட்டு ரகத்தின் கடைசி வித்து இதுதான் என்று அவற்றைத் துணியில் முடிந்துகொண்டு வந்தார்கள்.

தாளில் மூன்றாவதைத் தாண்டி நாலாவதுக்கு வந்ததும் வழிவிட்டான் நின்றுவிட்டார். 'கரித்தூள் அரைக் கரண்டி' என்று இருந்தது. வீட்டைச் சுற்றி முப்பது மூட்டை கரி கிடந்தது. நாலு பேரும் அதை மாறி மாறிப் பார்த்தார்கள்.

"கரியைப் போக்கத்தானே சோப்பு," என்றார் இருளாண்டி. "அதுல போய்க் கரியைப் போடச் சொல்லுவாளா?"

மாதாமாதம் அவள் வாங்கிப்போகிற கரித்தூள் எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வெகுநேரம் யோசித்த வழிவிட்டான், இது எழுத்துப் பிழை என்று தீர்ப்புச் சொன்னார். சின்ன ர போட்டுவிட்டாள். பெரிய ற போட்டிருக்க வேண்டும். கறித்தூள். படித்த பெண்ணுக்கே தப்பு வருகிறதே என்று மற்றவர்கள் வருத்தப்பட்டார்கள். பூமிராசு கடைக்கு ஓடி, ஆட்டுக்கறி மசால் பொடி பெரிய பாக்கெட்டாக வாங்கிவந்தான். அரைக் கரண்டி என்று எழுதியிருந்ததால் அண்டாக் கரண்டியில் அரை எடுத்தார்கள்.

செய்முறையில் 'அடிப்பிடிக்காமல், கைவிடாமல் கிண்டவும்' என்று இருந்தது. சட்டியை அடுப்பில் ஏற்றியதும், யாரும் அடியைப் பிடிக்கக் கூடாது என்று இருளாண்டி மூன்று முறை எச்சரித்தார். யாரும் பிடிக்கவில்லை. அப்படியும் தீய்ந்த வாடை வந்தது அவருக்குப் புரியவே இல்லை. உடையப்பன் கைவிடாமல் கிண்டினான். இறக்கி வைத்த பிறகும் கரண்டியை விடவில்லை. எப்போது விடலாம் என்று தாளில் போடவில்லை. இடது கையால் சாப்பிட்டான், கரண்டியோடு தூங்கினான். மூன்றாம் நாள் அவன் அழுததைப் பார்த்து மனசு கேட்காமல் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறலாம். கையை விட்டு மட்டும் போகக் கூடாது.

இறக்கிய கையோடு 'அச்சில் ஊற்றவும்' என்றிருந்ததையும் முடித்துவிட்டார்கள். வீட்டில் ஒரே ஒரு அச்சுதான் உண்டு, கரி ஏற்றுகிற கட்டைவண்டியின் அச்சு. மூன்று பேர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, பூமிராசு அடியில் படுத்து அகப்பையால் மொண்டு மொண்டு ஊற்றினான். பாதி மண்ணுக்குப் போயிற்று. பாதி, அங்கே ஏற்கெனவே தடவியிருந்த வண்டி மையோடு சேர்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

கடைசி வரி 'நிழலில் ஒரு வாரம் உலர்த்தவும்'. வாசலில் நின்ற ஒற்றைப் பனைமரத்தின் நிழலில் வண்டியை நிறுத்தினார்கள். நிழல் நகர்ந்தது. வண்டியையும் நகர்த்தினார்கள். உச்சிவேளையில் நிழல் மரத்தோடு ஒட்டிக்கொண்டபோது சுற்றி நின்று துண்டை விரித்துப் பிடித்தார்கள். சாயங்காலம் அது வேலியைத் தாண்டிப் பக்கத்து மிளகாய்த் தோட்டத்துக்குள் போனது. தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

ரேஷன் கடைக்குப் போகிற வழியில் கஸ்தூரி இதை இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் நின்று, "அச்சு வண்டிக்கு அடியிலதானே இருக்கு? அங்க எப்பவும் நிழல்தானே?" என்று கேட்டாள்.

"அது வண்டியோட நிழல்மா," என்றார் இருளாண்டி பொறுமையாக. "அதை வண்டிக்கே குடுத்தா நாம குடுத்ததா ஆகுமா?"

கஸ்தூரி கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சொன்ன வெள்ளிக்கிழமை வந்தது. பூமிராசுவுக்கு விடிந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. முகம் வெளுக்காவிட்டால் அவள் போய்விடுவாள் என்று அண்ணன்களிடம் சொன்னான். அண்ணன்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கண்மாய்த் தண்ணீரில் இறக்கினார்கள். சோப்பு அச்சிலிருந்து வரவில்லை. வராவிட்டால் என்ன? சோப்பை ஆளில் தேய்ப்பதும் ஆளைச் சோப்பில் தேய்ப்பதும் ஒன்றுதான் என்று இருளாண்டி சொன்னார். பூமிராசு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சுக்கு அடியில் முகத்தைக் கொடுத்தான். மற்ற மூவரும் வண்டியை முன்னும் பின்னும் தள்ளினார்கள். உடையப்பன் ஒரு கையால்தான், மறுகையில் கரண்டி.

மசால் வாசனைக்கு ஊர் நாயெல்லாம் கரையில் வந்து உட்கார்ந்துவிட்டது. பஞ்சவர்ணமும் அத்தையும் நாய்களை விலக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

பூமிராசு எழுந்து கரையேறினான். கரியோடு வண்டி மையும் சேர்ந்து முகம் மினுமினுத்தது. நெற்றியில் குழம்பு மஞ்சள் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. மிளகாய்க் காரம் கண்ணில் ஏறி, மாலை மாலையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"தாள்ல இருந்தபடிதாங்க செஞ்சோம்," என்றான். "ஒண்ணுகூட விடலைங்க. ஒரே ஒரு எழுத்துப் பிழை இருந்துச்சு, அதையும் திருத்திட்டோம். அப்படியும் போகலை."

பஞ்சவர்ணம் என்னென்ன சேர்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பூமிராசு அழுதுகொண்டே சொன்னான். குப்பைமேட்டுக்கு வரும்போது அவள் உதட்டைக் கடித்தாள். நாட்டுப் பூந்திக்கு வரும்போது கரையில் உட்கார்ந்துவிட்டாள். கறித்தூளுக்குப் பிறகு வெகுநேரம் அவளால் நிமிர முடியவில்லை.

நிமிர்ந்தபோது, கண்ணீர் வழிந்த தடத்தில் அவன் கன்னங்களில் ரெண்டு கோடு கழுவியிருந்ததைப் பார்த்தாள். நல்ல மாநிறம். இடது கன்னத்தில் சின்னதாக ஒரு மச்சம்.

"பாத்துட்டீங்களா அத்தை?" என்றாள். "இவ்வளவு முகம் போதும். மீதியை நான் கழுவிக்கிறேன்."

அத்தைக்கும் அதற்குமேல் மறுக்கத் தோன்றவில்லை. சொன்ன வார்த்தையை இவ்வளவு மதிக்கிற மாப்பிள்ளை வேறெங்கே கிடைப்பான் என்று நினைத்திருக்கலாம். அங்கேயே நாள் குறித்தார்கள். சோப்பு நாங்களே கொண்டுவருகிறோம், இனி நீங்கள் எதையும் காய்ச்ச வேண்டாம் என்று பஞ்சவர்ணம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். புறப்படும்போது அத்தைதான், பெரியவள் என்ற முறையில், ஒரு வார்த்தை சேர்த்தாள்: "முந்தின நாளே மாப்பிள்ளையை நல்லா ஊற வச்சிருங்க. அப்பத்தான் அழுக்கு விடும்."

கல்யாணத்தன்று காலை பெண் வீட்டு வாசலில் மேளம் தயாராக நின்றது. கட்டைவண்டி மெதுவாக, மிக மெதுவாக வந்தது. வண்டியில் பெரிய அண்டா. அண்டாவில் கழுத்தளவு தண்ணீர். பட்டு வேட்டியும் மாலையுமாகப் பூமிராசு அதற்குள் உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அப்படியேதான் இருக்கிறானாம். விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. முகம் மட்டும் பளிச்சென்று சிரித்தது.

தண்ணீர் தளும்பாமல் மூன்று அண்ணன்களும் வண்டியை நிறுத்தினார்கள். இருளாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அத்தையிடம் போய்ப் பணிவாகக் கேட்டார்.

"நல்லா ஊறிட்டாருங்க. இப்ப வடிகட்டணுமா, இல்ல அப்படியே இறக்கிரலாமா?"