சாக்குமுகனின் கடைசிப் பத்து நிமிடம்

கொத்தவரைப்பட்டி ஆட்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆட்கள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறார்கள்? போன வருஷம் அங்கே ஒரு திகில் படம் ஓடிய கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

ஊரில் ஒரே ஒரு தியேட்டர், மயில் டாக்கீஸ். நடத்துவது சௌந்தரம் அக்கா. அவருடைய அப்பா கட்டிய கொட்டகை. டிக்கெட் கொடுப்பதும் அக்காதான், இடைவேளையில் முறுக்கு விற்பதும் அக்காதான். தியேட்டரின் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. சாக்குமுகன் தலைமை ரசிகர் மன்றம். கிளை ஒன்றுகூடக் கிடையாது, இருந்தாலும் தலைமை மன்றம்தான்.

சாக்குமுகன் யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தலையில் கோணிச் சாக்கை மாட்டிக்கொண்டு, கையில் அரிவாளோடு, எதிரே வருகிறவனையெல்லாம் வெட்டிக்கொண்டே போகிறவன். மூன்று பாகம் படம் வந்துவிட்டது. மற்ற ஊர்களில் கதாநாயகனுக்கு மன்றம் வைப்பார்கள், இவர்கள் வெட்டுகிறவனுக்கு வைத்தார்கள். ஏனப்பா என்று மன்றத் தலைவன் சோலைமுத்துவைக் கேட்டேன்.

"ஹீரோ ஒவ்வொரு பாகத்துலயும் செத்துப்போறான்ணே. கடைசிவரைக்கும் நிக்கிறவருக்குத்தானே மன்றம் வைக்கணும்?" என்றான்.

மூன்றாம் பாகம் வந்தபோது, "படத்தைப் பத்தி ஊருக்குள்ள நாலு வார்த்தை சொல்லுங்கப்பா," என்று அக்கா இவர்களிடம் கேட்டிருந்தார். இவர்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, யாரை யார் எங்கே வெட்டுகிறார், கிணற்றுக்குள் ஒளிந்திருப்பது யார் என்பதுவரை தெருத் தெருவாகச் சொல்லிவிட்டார்கள். ஊர் வீட்டிலேயே உட்கார்ந்து முழுக்கதையும் கேட்டது. தியேட்டருக்கு ஈ காக்கை வரவில்லை.

அதிலிருந்து அக்காவின் தம்பி தனபாலன் பிடித்துக்கொண்டான். கொட்டகையை உரக் குடோனாக மாற்றிவிடலாம் என்பது அவன் கணக்கு. "நாலாவது பாகத்தைப் போட்டுப் பாருக்கா. அதுவும் படுத்துச்சுன்னா சாவியை என்கிட்டக் குடுத்துடணும்," என்றான். அக்காவும் சரி என்றுவிட்டார். வேறு என்ன செய்வார், பாவம்.

படம் வெளியாகிற அன்று காலையில் மன்றத்து ஆட்களை அழைத்தார்.

"தம்பிகளா, படத்தைப் பாருங்க. உங்க கருத்து என்னவோ அதை ஊரெல்லாம் சொல்லுங்க. ஆனா முடிவை மட்டும் ஒருத்தருக்கும் தெரியவிடக் கூடாது. தெரிஞ்சுதுன்னா, எங்கப்பா கட்டின கொட்டகையில நாளைக்கு யூரியா மூட்டைதான் உக்காந்திருக்கும்." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சோலைமுத்துவுக்கும் கண் கலங்கியது. "ஒருத்தருக்கும் தெரியாதுக்கா. நான் பொறுப்பு," என்றான்.

முதல் காட்சிக்குக் கிளம்பும்போதே போஸ்டரை வரி விடாமல் படித்தார்கள். 'இதயம் பலவீனமானவர்கள் தவிர்க்கவும்' என்று போட்டிருந்தது. செயலாளர் அந்தோணிராசு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரைக் கையோடு கூட்டிவந்து, வாசலில் ஒவ்வொருத்தன் நெஞ்சிலும் குழாய் வைத்துப் பார்த்தபின்தான் உள்ளே விட்டான். 'சிறுவர்கள் பெரியவர்கள் துணையுடன் வரவும்' என்று அடுத்த வரி. மன்றத்து உறுப்பினன் கொண்டல்சாமிக்கு முப்பத்தெட்டு வயது. ஆனாலும் அவன் அப்பா அவனை இன்னும் சின்னப் பயல் என்றுதான் கூப்பிடுகிறார். அதனால் அவரைத் துணைக்குக் கூட்டிவந்தான். பெரியவர் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்.

போஸ்டரின் அடியில், 'பயந்துகொண்டே சிரியுங்கள்' என்று இருந்தது. ஏனென்றால் இந்த நாலாவது பாகம் பாதி திகில், பாதி காமெடி. சாக்குமுகன் ஒரு கல்யாண வீட்டுக்குள் எல்லாரையும் தீர்த்துக்கட்ட வருகிறான். சமையல்காரர் அவனைக் காய் நறுக்க வந்த ஆள் என்று நினைத்து ஒரு பூசணிக்காயைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறார். அவனும் மறுக்க முடியாமல் நறுக்குகிறான். நறுக்க நறுக்கக் காய் வந்துகொண்டே இருக்கிறது. மன்றத்து ஆட்கள் போஸ்டரில் சொன்னபடியே பயந்துகொண்டே சிரித்தார்கள். அது பழக்கமில்லாத வேலை. இரண்டு பேருக்கு முறுக்கு புரையேறி, முதுகில் தட்டித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

கடைசிக் கட்டத்துக்குச் சற்று முன்னால் கொண்டல்சாமியின் அப்பா கண் விழித்து, "டேய், ஒண்ணுக்குப் போகணும்டா," என்றார். கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள், படம் முடிந்திருந்தது.

சைக்கிள் ஸ்டாண்டில் கருத்துக் கூட்டம் கூடியது.

"மூணு பாகமா மனுசத் தலையை வெட்டினவரைப் பூசணிக்காய் வெட்ட விட்டுட்டாங்க," என்று அந்தோணிராசு பொருமினான். "இது அவமானம். நான் இதை ஒத்துக்க மாட்டேன்."

"அதுல என்ன அவமானம்?" என்றான் சோலைமுத்து. "மூணு பாகமா அவருக்கு வேலைவெட்டி இல்லை. ரோடு ரோடா அலைஞ்சாரு. இப்பத்தான் ஒரு சமையல் கட்டுல உக்காந்திருக்காரு. நாம சந்தோசப்படணும்."

"அப்ப இது காமெடிப் படங்கிறீங்க."

"எனக்குச் சிரிப்பு வந்துச்சு."

"எனக்குப் பயமா இருந்துச்சு தலைவரே. அந்தப் பூசணிக்காய் எங்க வீட்டுக் கூரை மேல கெடக்கிறது மாதிரியே இருந்துச்சு."

ஓட்டெடுப்பு நடத்தினார்கள். சிரித்தவர்கள் வலது கையையும் பயந்தவர்கள் இடது கையையும் தூக்க வேண்டும். எல்லாரும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அந்த வழியாகப் போன போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, யார் யாரை மிரட்டுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

"முடிவை வெச்சுத்தான் சொல்லணும்," என்றான் அந்தோணிராசு. "கல்யாண மேடைக்குப் பின்னால போயி அரிவாளை ஓங்கிட்டு நிக்கிறாருல்ல, அப்புறம் அவரு..."

சோலைமுத்து பாய்ந்து அவன் வாயைப் பொத்தினான்.

"நாமெல்லாம் பாத்தவங்கதானே தலைவரே?"

"ஒருத்தருக்கும்னு சொல்லியிருக்காங்க அக்கா. நீ ஒருத்தன், நான் ஒருத்தன்."

நியாயமாகத்தான் பட்டது. அதனால் முடிவைப் பற்றி ஒவ்வொருவனும் தனக்குத் தானே மனதுக்குள் விவாதித்துக்கொண்டான். கொண்டல்சாமி மட்டும் ஒவ்வொருத்தன் முகமாகப் பார்த்தான்.

"நான் பாக்கலைண்ணே. எனக்கு மட்டுமாவது காதுல சொல்லுங்க. மன்றத்துல நான் ஒருத்தன்தான் தெரியாதவன். ராத்திரி எனக்குத் தூக்கம் வராது," என்று கெஞ்சினான்.

"அதெல்லாம் முடியாது. நாளைக்குப் போயித் திரையிலயே பாத்துக்க," என்றான் சோலைமுத்து. சொல்லிவிட்டு அப்படியே உறைந்து நின்றான். "டேய். நாம வாயைப் பொத்திக்கிட்டு இருக்கோம். அந்தத் திரை தினம் நாலு தடவை ஊருக்கே முடிவைக் காட்டிக்கிட்டு இருக்கேடா."

யாரும் இந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை. அந்தோணிராசுவுக்கு வியர்த்துவிட்டது.

"அக்காகிட்டச் சொல்லுவோமா?"

"அவங்களே மனசு ஒடிஞ்சுபோயி இருக்காங்க. இது வேற எதுக்கு? பொறுப்பு என்னுது."

மன்றத்தில் ஒரு பெரிய பேனர் இருந்தது. முழுநிலவு மாதிரி நடுவில் சோலைமுத்துவின் முகம், ஓரத்தில் தபால்தலை அளவில் சாக்குமுகன். ஒரு டிரம்மும் இருந்தது. அன்று மேட்னியில் சாக்குமுகன் கல்யாண மேடைக்குப் பின்னால் வந்து அரிவாளை ஓங்கினான். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்போது மன்றத்தார் கம்புகளோடு திரைக்கு முன்னாலிருந்த மேடையில் ஏறி, பேனரைத் திரைக்குக் குறுக்கே பிடித்துவிட்டார்கள். சத்தத்தில் முடிவு தெரிந்துவிடக் கூடாதே என்று அந்தோணிராசு டிரம்மை அடித்துத் தள்ளினான். பத்து நிமிடம் ஊர் சோலைமுத்துவின் முகத்தைப் பார்த்தது.

விளக்கு போட்டதும் ஜனம் எழுந்து சண்டைக்கு வந்தது.

"என்னடா ஆச்சு? வெட்டினானா, வெட்டலையா?"

"அதைச் சொல்லக் கூடாதுங்க," என்றான் சோலைமுத்து பணிவாக. "எங்க கருத்து வேணும்னா சொல்றோம். படம் நல்லாருக்கு."

அக்கா விளக்குமாற்றோடு ஓடிவந்தார். "அட பாவிகளா, என் குடியைக் கெடுத்துட்டீங்களேடா," என்று தலையில் அடித்துக்கொண்டார். இன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று வாசலுக்கு வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார். வெளியே போன கூட்டம் அப்படியே சுற்றி வந்து அடுத்த காட்சிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அடுத்த காட்சியிலாவது முடிவைப் பார்த்துவிடலாம் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. அக்கா விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு டிக்கெட் கொடுக்க உட்கார்ந்தார்.

அப்புறம் நடந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வெட்டியிருப்பான் என்று ஒரு கட்சி, வெட்டாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான் என்று ஒரு கட்சி. டீக்கடை, சலூன், ரேஷன் கடை வரிசை எல்லாவற்றிலும் இதே பேச்சு. அக்கம்பக்கத்து ஊர்களில் படத்தை மூன்றே நாளில் தூக்கிவிட்டார்கள், அதனால் அங்கிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். செல்போனில் முழுப்படமும் பார்த்துவிட்டேன் என்று ஒரு பையன் கடைத்தெருவில் பெருமையாக வாயைத் திறந்தான். அந்தோணிராசு டிரம்மோடு அவன் பின்னாலேயே இரண்டு நாள் நடந்தான். பையன் மாமா ஊருக்குப் போய்விட்டான்.

தனபாலன் உரக் கம்பெனிக்காரரைக் கொட்டகையைக் காட்ட அழைத்துவந்தான். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சும்மா ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்தார். பேனர் ஏறிய பிறகு எழுந்து வந்து, "ஏங்க, அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்று அக்காவிடம் கேட்டார். குடோன் பேச்சு அதோடு போனது. நானும் நாலு தடவை போனேன். சோலைமுத்துவின் இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது, அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இதில் நொந்துபோனவன் கொண்டல்சாமி ஒருத்தன்தான். பேனரின் வலதுபக்கக் கம்பு அவன் பொறுப்பு. கம்பைப் பிடிப்பவர்கள் ஜனத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது மன்றத்து விதி. திரை அவன் முதுகுக்குப் பின்னால்தான். தினம் நாலு காட்சியும் முடிவு அவன் பிடரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, அவன் திரும்பவே இல்லை.

ஐம்பதாவது நாள் விழாவுக்குப் படத்தின் இயக்குநரே வந்துவிட்டார். எல்லா ஊரிலும் ஊற்றிக்கொண்ட படம் இங்கே மட்டும் ஓடுகிறதே என்று மனிதருக்கு ஆனந்தக் கண்ணீர். மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் படத்தோட உயிரே கிளைமாக்ஸ்தான். அதை நீங்கதான் புரிஞ்சுக்கிட்டீங்க. கடைசியில சாக்குமுகன் அந்த அரிவாளை..."

டிரம் முழங்கியது. நாலு பேர் பேனரோடு ஓடிவந்து இயக்குநரைத் தலையோடு கால் சுற்றி, பத்திரமாகக் காரில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். பொன்னாடை இவ்வளவு பெரிதாக எந்த ஊரிலும் போர்த்தியதில்லை என்று அவர் அப்புறம் பேட்டியில் சொன்னதாகக் கேள்வி.

ஒருவழியாகப் படத்தை எடுக்கும் நாள் வந்தது. கொட்டகை நிலைத்துவிட்டது. அக்கா புதுச்சேலை கட்டிக்கொண்டு மன்றத்தாருக்கு விருந்து வைத்தார். எல்லாரும் சாப்பிட்டார்கள், கொண்டல்சாமி மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"நீங்க எல்லாரும் என் கொட்டகையைக் காப்பாத்தினீங்க. இந்தப் பிள்ளை மட்டும் முடிவைப் பாக்காமலேயே காப்பாத்தியிருக்கு. இவனுக்காக ஒரு தடவை போடறேன். இவன் ஒருத்தன் மட்டும் உள்ள போய்ப் பாக்கட்டும்," என்றார்.

சோலைமுத்து இலையிலிருந்து கையை எடுத்தான். "ஒருத்தருக்கும் தெரியவிடக் கூடாதுன்னீங்களேக்கா?"

"இவனுக்கு மட்டும் தெரியலாம். நான்தான் சொல்றேன்."

கொண்டல்சாமி அக்கா காலில் விழுந்தான். கதவைச் சாத்தினார்கள். நாங்கள் எல்லாரும் வாசலில் காத்திருந்தோம். உள்ளே கல்யாண மேளச் சத்தம் கேட்டது, பூசணிக்காய் வெட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் திடீரென்று டிரம் அடிக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். மன்றத்து ஆட்கள் எல்லாரும் வெளியேதான் நின்றார்கள்.

பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. கொண்டல்சாமி சட்டையெல்லாம் வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"பாத்தியாடா?" என்றார் அக்கா. "எப்படி இருந்துச்சு?"

"எங்கக்கா பாக்கிறது? அரிவாளை ஓங்கிட்டாரு, பேனரைப் பிடிக்க ஒரு ஆளைக் காணோம். மேடைக்கு ஓடிப்போயி ரெண்டு கம்பையும் நானே பிடிச்சுக்கிட்டேன்."

சோலைமுத்து அவனை இழுத்துக் கட்டிக்கொண்டான். அந்தோணிராசுவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"ரெண்டு கையிலயும் கம்பு இருந்துச்சுன்னா, டிரம் யாருடா அடிச்சது?"

"காலால அடிச்சேன்ணே," என்றான் கொண்டல்சாமி.