மச்சான் பிடித்த கயிறு

மாசிலாமணிக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கீழூர்த் தெருவெல்லாம் கத்தினால் கட்டாமல் என்ன செய்யும்? மலைமேல் இருக்கிற மழைக்காட்டை வெட்டி விடுதி கட்டப் போகிறார்கள், அங்கேயே பிறந்து வளர்ந்த தேன்பாறைச் சனத்தைக் கீழே இறக்கிவிடப் போகிறார்கள், வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசில் கருத்துக் கேட்கிறார்கள், எல்லோரும் வந்து வேண்டாம் என்று சொல்லுங்கள். இதைச் சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கதி.

அதற்கு முன்னால் ஊரிலேயே ஒரு கூட்டம் போட்டுப் பார்த்தார். வந்தது டீக்கடைக்காரர் ஒருவர்தான். அவரும் டம்ளரைத் திரும்ப வாங்கிப்போக வந்தவர்.

கடைமடை வயல்காரர் பிச்சாண்டி வேறு நடுத்தெருவில் ஆட்டோவை மறித்தார். மலைச்சனம் என்றாலே அவருக்கு ஆகாது.

"அண்ணாச்சி, மலைக்காரன் பாடு மலைக்காரனுக்கு. சத்தத்தைக் குறைங்க, என் மாடு மிரளுது."

மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே அடிவாரத்து மடத்துக்குப் போனார். அங்கே இருந்த ஆவுடையம்மைதான் அவருக்குக் குரு. வயதில் அந்த அம்மாள் சின்னவர். இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

"அம்மா, இந்த ஊர்ச் சனங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? என்ன சொன்னா இவங்களுக்கு இரக்கம் வரும்?"

ஆவுடையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "நாளைக்குத் தேன்பாறையில தேன் எடுக்காங்க. கூட வாங்க, போயிட்டு வருவோம்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே?"

"ஏன், தேன் வேண்டாமா உங்களுக்கு?"

மறுநாள் காலையில் இருவரும் பாறை உச்சியில் நின்றார்கள். மாசிலாமணி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். சடையன் என்பவன் இடுப்பில் கொடிக்கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறை விளிம்பில் தயாராக இருந்தான். தேனடைகள் கீழே, பாறையின் வயிற்றில் தொங்கின.

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "கயிறை என்கிட்டக் கொடுங்க. உங்க மேல எனக்கு உசிரு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். யாரோ ஒருவர் அவரைக் கையைப் பிடித்து நிழலில் உட்காரவைத்தார். பக்கத்தில் சடையனின் கூடப்பிறந்த அண்ணனும் சும்மாதான் உட்கார்ந்திருந்தான். அவனையும் கயிற்றைத் தொட விடவில்லை.

கயிறு பிடிக்க வந்தவன் சடையனின் மச்சான் வெள்ளையன். வரும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. போன திருவிழாவில் கறிப் பங்கு வைத்ததில் தகராறு. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

"இந்தத் தடியனைச் சுமக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு பாரு" என்று பக்கத்து மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கயிற்றை வாங்கினான்.

மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, என்னம்மா இது! சொந்த அண்ணனை உட்கார வச்சுட்டு, சண்டைக்காரன் கையிலயா கொடுக்காங்க? ஆத்திரத்துல விட்டுட்டான்னா?"

வெற்றிலை மென்றுகொண்டிருந்த சடையனின் மனைவி மாதிதான் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வழக்கத்துல மச்சான்தான் பிடிக்கணும் சாமி. தொங்குறது அவன் தங்கச்சி புருசன்ல்லா? எப்படி விடுவான்?"

சடையன் இறங்கினான். புகை கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் தேனீக்கள் மேலேயும் வந்துவிட்டன. மாசிலாமணி துண்டால் தலையை மூடிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார். இடுக்கு வழியே பார்த்தால், வெள்ளையனின் கன்னம் வீங்கிக்கொண்டிருந்தது. கயிறு உரசி உள்ளங்கை தோலுரிந்துவிட்டது. சடையனின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினான். பிடியை மட்டும் தளர்த்தவே இல்லை.

சடையன் பத்திரமாக மேலே வந்தான். வெள்ளையன் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முதல் அடையில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு தன் போக்கில் போய்விட்டான்.

திரும்பி வரும் வழியில் காட்டோடை. இருவரும் பிசுபிசுத்த கையைக் கழுவினார்கள்.

"இந்தத் தண்ணி எங்க போகுது அண்ணாச்சி?"

"கீழூர்க் குளத்துக்குத்தான். இது தெரியாதா?"

"இந்தச் சித்திரை வெயில்லயுமா ஓடுது?"

"காடு இருக்குதுல்லாம்மா, அதனால..." என்று ஆரம்பித்த மாசிலாமணி நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் ஆட்டோ ஓடவில்லை. மாசிலாமணி நடந்தே பிச்சாண்டியின் வயலுக்குப் போனார். மலைச்சனத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாய்க்காலைக் காட்டி, "இந்தக் கோடையிலும் தண்ணி வருதே, எங்கருந்து வருது?" என்று மட்டும் கேட்டார்.

பிச்சாண்டி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மலையையே பார்த்தார். மாசிலாமணி அதே கேள்வியோடு அடுத்தடுத்த வயல்களுக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசில் நிற்க இடமில்லை. கீழூரே வந்திருந்தது. தேன்பாறைச் சனம் ஓர் ஓரமாக நின்றது. பிச்சாண்டி எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போய் மேசையில் ஓங்கி அடித்தார்.

"ஒரு மரத்துல கை வைக்க விட மாட்டேன்! தண்ணி நின்னுச்சுன்னா என் வயலுக்கு நீங்களா வந்து இறைப்பீங்க? இந்த மலைக்காரப் பயலுவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனா அவனுவ இருக்கிறவரைக்கும் அந்தக் காடு நிக்கும். எவனையும் இறக்கக் கூடாது, ஆமா!"

கைதட்டல் அடங்கவே இல்லை. அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாசிலாமணிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. பக்கத்தில் நின்ற குருவின் காதருகே குனிந்தார்.

"அம்மா, இந்த மனுசனுக்கு அவங்க மேல துளி இரக்கம்கூட இல்லையே. பாருங்க, இப்பவும் திட்டிக்கிட்டே இருக்காரு."

"பிடியை விட்டாரா?"

"இல்லம்மா."

"அப்ப அவர்தான் மச்சான்" என்றார் ஆவுடையம்மை.